ஓர் ஆங்கிலச் சொல் 'தெரியும்' என்றால் என்ன தெரிய வேண்டும்?

வேலையில் சேர்ந்த புதிதில், கடல் கடந்த ஓர் அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். அவர்கள் அனுப்பியிருந்த கணக்கில் ஏதோ பிழை இருக்கிறது என்று எனக்குச் சந்தேகம். 'ஐ டவுட் தேர் இஸ் அன் எரர் இன் திஸ் ஷீட்' என்று எழுதினேன். சந்தேகம் என்றால் 'டவுட்'. பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பழக்கம். எதிர்முனையில் இருந்தவர் நன்றி சொல்லிவிட்டு, கணக்கை அப்படியே அடுத்த கட்டத்துக்கு அனுப்பிவிட்டார். பிழை இருக்கத்தான் செய்தது. இரண்டு நாள் வேலை வீணானது.

அவர் மேல் தவறில்லை. ஆங்கிலத்தில் 'ஐ டவுட்' என்று தொடங்கினால், 'அப்படி இருக்கும் என்று நான் நம்பவில்லை' என்று பொருள். நான் எழுதியதை அவர் 'இதில் பிழை இருக்காது என்றே நினைக்கிறேன்' என்று படித்திருக்கிறார். நான் எழுதியிருக்க வேண்டியது 'ஐ சஸ்பெக்ட்'. 'சஸ்பெக்ட்' என்பது 'அப்படித்தான் இருக்கும்' என்ற பக்கம் சாய்வது. 'டவுட்' என்பது 'இருக்காது' என்ற பக்கம் சாய்வது. தமிழில் இரண்டுக்கும் சந்தேகம் என்ற ஒரே சொல் போதும். 'அவன்தான் எடுத்திருப்பான்னு சந்தேகம்' என்கிறோம், 'அவன் வருவானான்னு சந்தேகம்' என்றும் சொல்கிறோம். முதலாவது 'சஸ்பெக்ட்', இரண்டாவது 'டவுட்'.

இத்தனைக்கும் அந்த நாட்களில் நான் தினமும் பத்து ஆங்கிலச் சொற்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். நோட்டில் இடது பக்கம் ஆங்கிலச் சொல், வலது பக்கம் அதற்குத் தமிழ். சில நூறு சொற்கள் சேர்ந்திருந்தன. அத்தனை கடினமான சொற்களுக்குப் பொருள் சொல்லத் தெரிந்த எனக்கு, 'டவுட்' என்ற எளிய சொல் தெரிந்திருக்கவில்லை. பொருள் தெரிவது வேறு, சொல் தெரிவது வேறு என்று அன்றைக்குத்தான் உறைத்தது. உயர்நிலை ஆங்கிலச் சொற்களைக் கற்கத் தொடங்குகிறவர்கள் முதலில் இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். அந்த நோட்டில் என்னவெல்லாம் விட்டுப்போயிருந்தது என்பதைத்தான் இங்கே சொல்கிறேன்.

எது உயர்நிலைச் சொல்?

நீளமாக இருந்தால் கடினமான சொல் என்று பலர் நினைக்கிறார்கள். 'இன்டர்நேஷனல்' நீளமான சொல்தான், ஆனால் அது எல்லோருக்கும் தெரியும். 'வெய்ன்' ஒரே அசை கொண்ட சொல். நிலா தேய்வதையும், ஒருவருடைய செல்வாக்கு மெல்ல மெல்லக் குறைவதையும் சொல்வது. பலருக்குத் தெரியாது. எவ்வளவு அடிக்கடி கண்ணில் படுகிறது என்பதுதான் ஒரு சொல்லை எளியதாகவோ கடினமாகவோ ஆக்குகிறது.

இதைக் கணக்காகவே எடுத்திருக்கிறார்கள். ஆங்கிலம் கற்பிப்பதில் வல்லுநரான மைக்கேல் வெஸ்ட் 1953-ல் ஆங்கிலம் கற்பவர்களுக்காகச் சுமார் 2000 அடிப்படைச் சொற்களைப் பட்டியலிட்டார். சாதாரணமாக நாம் படிக்கிற ஆங்கிலத்தில் ஏறத்தாழ 80 சதவீதம் அந்தப் பட்டியலுக்குள் அடங்கிவிடும். 2000-ஆம் ஆண்டில் நியூசிலாந்தைச் சேர்ந்த அவெரில் காக்ஸ்ஹெட், பல துறைகளின் பாடநூல்களையும் ஆய்வுக் கட்டுரைகளையும் அலசி இன்னொரு பட்டியல் போட்டார். வெஸ்டின் பட்டியலில் இல்லாத, ஆனால் துறை எதுவானாலும் திரும்பத் திரும்ப வருகிற 570 சொற்குடும்பங்கள் அதில் இருக்கின்றன. 'அனலைஸ்', 'ஹைப்பாதிசிஸ்', 'அம்பிகுவஸ்' போன்றவை. கல்வி சார்ந்த எழுத்தில் சுமார் 10 சதவீதம் இந்தச் சொற்கள்தான்.

சொற்குடும்பம் என்றால் ஒரு தாயின் பிள்ளைகள் மாதிரி. 'டிசைட்', 'டிசிஷன்', 'டிசைசிவ்', 'இன்டிசைசிவ்' எல்லாம் ஒரே குடும்பம். ஒன்றைக் கற்றால் மற்றவை பாதி தெரிந்த மாதிரி.

மொழியியலாளர் பால் நேஷன் 2006-ல் ஒரு கணக்குச் சொன்னார். நாவல், நாளிதழ் போன்றவற்றில் வருகிற சொற்களில் 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டுமானால் 8000 முதல் 9000 சொற்குடும்பங்கள் தேவை. அது என்ன 98? ஐம்பது சொல்லுக்கு ஒன்று மட்டும் தெரியாத நிலை அது. அந்த நிலையில் தெரியாத சொல்லின் பொருளைச் சுற்றியிருக்கிற நாற்பத்தொன்பது சொற்களும் சேர்ந்து காட்டிக்கொடுத்துவிடும். பத்துக்கு ஒன்று தெரியவில்லை என்றால் ஊகிக்கவே முடியாது, பக்கம் முழுக்க ஓட்டையாகத் தெரியும். 'ஆங்கிலப் புத்தகம் படித்தால் சொல்வளம் தானாக வளரும்' என்கிற அறிவுரை சிலருக்குப் பலிப்பதும் சிலருக்குப் பலிக்காமல் போவதும் இதனால்தான். உங்கள் நிலைக்குச் சற்றே மேலே இருக்கிற புத்தகம் உங்களை வளர்க்கும். எட்டாத உயரத்தில் இருப்பது சோர்வைத்தான் தரும்.

அதனால் என் யோசனை: அடிப்படை 2000 சொற்களில் ஓட்டை இருந்தால் முதலில் அதை அடைத்துவிடுங்கள். அப்புறம் அந்த 570. அப்புறம் நீங்கள் படிக்கிற துறையில் அடிக்கடி தலைகாட்டும் சொற்கள். போட்டித் தேர்வுப் பட்டியல்களில் வருகிற அபூர்வச் சொற்கள் தேர்வு எழுதுகிறவர்களுக்குத் தேவைதான். மற்றவர்களுக்கு அவை பொறுத்திருக்கலாம்.

கேள், வினவு, விசாரி

ஆங்கிலத்தில் ஒரே பொருளுக்கு ஏன் இத்தனை சொற்கள் என்று மலைப்பாக இருக்கும். அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1066-ல் நார்மானியர்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றினார்கள். அவர்கள் பேசியது பிரெஞ்சு. அதன்பிறகு சில நூற்றாண்டுகளுக்கு அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு, தேவாலயத்திலும் கல்வியிலும் லத்தீன், வயலிலும் வீட்டிலும் பழைய ஆங்கிலம் என்று மூன்றும் அருகருகே புழங்கின. மூன்றும் கலந்து உருவானதுதான் இன்றைய ஆங்கிலச் சொற்களஞ்சியம். மறுமலர்ச்சிக் காலத்தில் லத்தீனும் கிரேக்கமும் இன்னும் ஏராளமாக வந்து சேர்ந்தன.

அதனால் ஆங்கிலத்தில் பல இடங்களில் மூன்று அடுக்கு தெரியும். 'ஆஸ்க்' பழைய ஆங்கிலம். 'கொஸ்டின்' பிரெஞ்சு வழி வந்தது. 'இன்டரகேட்' நேராக லத்தீனிலிருந்து வந்தது. தமிழ் தெரிந்தவருக்கு இது புதிதில்லை. 'என்னிடம் கேட்டார்' என்பதற்கும் 'வினவினார்' என்பதற்கும் 'விசாரித்தார்' என்பதற்கும் வேறுபாடு நமக்குத் தெரியும். காவல் நிலையத்தில் ஒருவரிடம் 'வினவினார்கள்' என்று யாரும் எழுதுவதில்லை. 'விசாரணை நடத்தினார்கள்' என்றுதான் எழுதுவோம். 'இன்டரகேட்' அந்த விசாரணைதான். நண்பரிடம் மணி என்ன என்று கேட்பதற்கு அது ஆகாது.

பொதுவாக அடித்தளத்தில் இருக்கிற பழைய ஆங்கிலச் சொல் நெருக்கமாகவும் சூடாகவும் இருக்கும். லத்தீன் சொல் தூரமாகவும் முறையாகவும் இருக்கும். நாம் உயர்நிலைச் சொல் என்று அழைப்பவற்றில் பெரும்பகுதி இந்த மேலடுக்கைச் சேர்ந்தவை. இதைத் தெரிந்துகொண்டால் ஒரு நன்மை இருக்கிறது: மேலடுக்குச் சொல்லைப் பார்த்ததும் 'இது எங்கே புழங்கும்?' என்ற கேள்வி தானாக வரும்.

சேர்க்கையைப் பார்த்து ஆளைச் சொல்லலாம்

இப்போது என் பழைய நோட்டில் இருந்த மிகப் பெரிய ஓட்டைக்கு வருகிறேன்.

தமிழில் வெயில் 'அடிக்கிறது', மழை 'பெய்கிறது', பசி 'எடுக்கிறது', தூக்கம் 'வருகிறது'. தமிழ் கற்கிற ஒருவர் 'எனக்குத் தூக்கம் எடுக்கிறது' என்றால் நமக்குப் புரியும், ஆனால் காதில் இடறும். ஏன் பசி எடுக்கலாம், தூக்கம் எடுக்கக் கூடாது என்று கேட்டால் காரணம் சொல்ல முடியாது. அந்தச் சொல் அந்தச் சொல்லோடுதான் சேரும், அவ்வளவுதான். இதைச் சொற்சேர்க்கை என்பார்கள். பிரிட்டிஷ் மொழியியலாளர் ஜே. ஆர். ஃபர்த், ஒரு சொல்லை அதன் கூட்டாளிகளைக் கொண்டே அறியலாம் என்று 1957-லேயே எழுதினார். ஆளைப் பற்றி நாம் சொல்வது சொல்லுக்கும் பொருந்துகிறது.

'மிட்டிகேட்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ஆங்கில–தமிழ் அகராதியில் 'தணி, குறை, மட்டுப்படுத்து' என்று இருக்கும். இதை மட்டும் வைத்துக்கொண்டு, மின்விசிறியின் வேகத்தைக் குறைப்பதற்கும் பாட்டின் சத்தத்தைக் குறைப்பதற்கும் 'மிட்டிகேட்' போட்டால் தப்பு. இந்தச் சொல்லின் கூட்டாளிகள் யார் என்று பாருங்கள்: 'ரிஸ்க்', 'டேமேஜ்', 'இம்பாக்ட்', 'எஃபெக்ட்ஸ்'. அதாவது முதலில் தீமையான ஒன்று இருக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. அந்தத் தீமை முழுக்க நீங்குவதில்லை, அதன் கடுமைதான் குறைகிறது. கடற்கரையில் நட்ட மரங்கள் புயலை நிறுத்திவிடாது, ஆனால் புயலால் வரும் சேதத்தைக் குறைக்கும். அந்த மரங்கள் செய்கிற வேலைதான் 'மிட்டிகேட்'. நீதிமன்றத்தில் 'மிட்டிகேட்டிங் சர்கம்ஸ்டன்சஸ்' என்பார்கள். குற்றம் நடந்தது உண்மை, ஆனால் தண்டனையைக் குறைக்கும்படியான சூழ்நிலை இருந்தது என்று பொருள். அங்கேயும் குற்றம் போய்விடவில்லை பாருங்கள், கடுமைதான் குறைகிறது.

இதன் எதிர்ச்சொல் 'எக்ஸாசர்பேட்'. எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவது. இருக்கிற பிரச்சினையை இன்னும் மோசமாக்குவதற்குத்தான் இந்தச் சொல். நல்லதை அதிகமாக்குவதற்கு வராது. எதிர்ச்சொல்லையும் கூடவே கற்றுக்கொண்டால் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். 'மிட்டிகேட்' அருகில் ஒரு பொறியும் இருக்கிறது. 'மிலிடேட்' என்று ஒலியில் நெருங்கிய சொல் ஒன்று, 'அகென்ஸ்ட்' என்பதோடு சேர்ந்து வரும். ஒன்றுக்கு எதிராகச் செயல்படுகிறது என்று பொருள். படைவீரன் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு 'மிட்டிகேட் அகென்ஸ்ட்' என்று எழுதிவிடுவது உண்டு.

தமிழில் 'தணி' எவ்வளவு பரந்த சொல் என்பதையும் கவனியுங்கள். தாகமும் தணியும், வலியும் தணியும், பயமும் தணியும், கோபமும் தணியும். ஆங்கிலத்தில் தாகத்துக்கு 'க்வென்ச்'. வலிக்கும் வறுமைக்கும் 'அலீவியேட்'. சுமையை இலேசாக்குவது என்பது அதன் அடி. பயத்துக்கும் கவலைக்கும் 'அலே'. கோபமாக இருக்கிற ஆளைச் சமாதானப்படுத்த 'ப்ளகேட்'. இது ஆளுக்கு வரும். ஆபத்துக்கும் சேதத்துக்கும் 'மிட்டிகேட்'. நோட்டில் ஐந்துக்கும் எதிரே 'தணி' என்று எழுதிவைத்தால் ஐந்தில் எதையும் கற்கவில்லை என்றுதான் அர்த்தம். தமிழ்ப் பொருளை எழுதாதீர்கள் என்று சொல்லவில்லை. அது வாசல். எதைத் தணிக்கிற 'தணி' என்று கூடவே எழுதிக்கொண்டால்தான் உள்ளே போக முடியும்.

கூட்டாளிகளை எங்கே தேடுவது? ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே எழுதப்பட்ட ஆங்கில–ஆங்கில அகராதிகள் இருக்கின்றன. 1978-ல் வந்த லாங்மன் அகராதி, எல்லாச் சொற்களுக்கும் சுமார் 2000 எளிய சொற்களை மட்டும் வைத்துப் பொருள் சொன்னது. இன்று இந்த வகை அகராதிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பொருளைப் படித்துவிட்டு மூடிவிடாதீர்கள். கீழே இருக்கிற எடுத்துக்காட்டு வாக்கியங்களில்தான் சரக்கு இருக்கிறது. மூன்று வாக்கியங்களிலும் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் எது வருகிறது என்று பாருங்கள்.

பிரபலமானவர்கள் எல்லோரும் ஒன்றில்லை

சேர்க்கைக்கு அடுத்தது சாயல். 'பிரபல பாடகர்' என்றும் எழுதுகிறோம், 'பிரபல ரவுடி கைது' என்றும் செய்தியில் படிக்கிறோம். தமிழில் 'பிரபல' என்பதற்கு நல்லது கெட்டது கிடையாது. ஆங்கிலத்தில் பாடகர் 'ரினௌன்ட்', ரவுடி 'நொட்டோரியஸ்'. இரண்டுக்கும் நோட்டில் 'பிரபலமான' என்று எழுதிவைத்தவர், மதிப்புக்குரிய ஓர் ஆசிரியரை 'நொட்டோரியஸ் டீச்சர்' என்று பாராட்டிவிட வாய்ப்பு இருக்கிறது.

சில இடங்களில் தமிழே நமக்குக் கைகொடுக்கும். சிக்கனக்காரர் என்றால் பாராட்டு, கஞ்சன் என்றால் வசவு. செய்கிற காரியம் ஒன்றாகக்கூட இருக்கலாம், சொல்கிறவரின் மனம்தான் வேறு. 'த்ரிஃப்டி', 'ஃப்ரூகல்' இரண்டும் சிக்கனத்தின் பக்கம். 'ஸ்டிஞ்ஜி' பேச்சில் வருகிற கஞ்சன். 'பார்சிமோனியஸ்' அதே கஞ்சத்தனத்தைக் கோட்டு சூட்டு போட்டுச் சொல்வது; எழுத்தில்தான் அதிகம் வரும். அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று ஒரு பூவின் ஏழு நிலைக்கு ஏழு பெயர் வைத்திருக்கிற மொழியைப் பேசுகிறவர்களுக்கு, சொற்களுக்கு நடுவில் இருக்கிற இந்த மெல்லிய இடைவெளி புரியாமல் போகாது. ஆங்கிலத்திலும் அதைத் தேடிப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் வந்தால் போதும்.

புதுச்சொல் ஒன்றைப் பார்க்கும்போது நான் கேட்டுக்கொள்கிற கேள்வி இது: இந்தச் சொல்லால் என்னை ஒருவர் குறிப்பிட்டால் எனக்கு மகிழ்ச்சியாக இருக்குமா, வருத்தமாக இருக்குமா? 'மெட்டிக்யுலஸ்' என்றால் மகிழ்ச்சி, ஒவ்வொரு சிறு விவரத்தையும் கவனமாகப் பார்க்கிறவர் என்கிறார்கள். 'ஃபஸி' என்றால் வருத்தம். தேவையில்லாத நுணுக்கத்தைப் பிடித்துக்கொண்டு உயிரை வாங்குகிறவர் என்கிறார்கள்.

வேரைப் பிடித்தால்

'எராடிகேட்' என்ற சொல்லைப் பிரித்தால் உள்ளே வேர் என்று பொருள்படும் லத்தீன் சொல் இருக்கிறது. வேரோடு பிடுங்குவது. 'வேரறுத்தல்' என்று தமிழில் சொல்கிறோமே, அதேதான். பெரியம்மை உலகத்திலிருந்து ஒழிக்கப்பட்டுவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 1980-ல் அறிவித்தபோது பயன்பட்ட சொல் இது. ஒரு நோய் ஓரிடத்தில் குறைந்தால் அது 'எராடிகேட்' ஆகாது. வேர் எங்குமே மிஞ்சக் கூடாது. அடியில் இருக்கிற படம் தெரிந்தால் பொருளின் எல்லையும் தெரிந்துவிடுகிறது. 'ப்ரொக்ராஸ்டினேட்' என்பதற்குள் நாளை என்று பொருள்படும் 'க்ராஸ்' இருக்கிறது. நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போடுவதுதான் அது.

எனக்கு மிகவும் பிடித்தது 'க்ரெக்ஸ்' என்ற லத்தீன் சொல்லின் குடும்பம். மந்தை என்று பொருள். மந்தையோடு மந்தையாகக் கலந்து பழகப் பிடிக்கிறவர் 'கிரிகேரியஸ்'. ஓரிடத்தில் ஒன்றாகக் கூடுவது 'காங்கிரிகேட்'. மந்தையிலிருந்து பிரித்துத் தனியே வைப்பது 'செக்ரிகேட்'. பலவற்றைச் சேர்த்து மொத்தமாக்கினால் 'அக்ரிகேட்'. மொத்த மதிப்பெண்ணுக்கு இந்தச் சொல்லை நாமே சொல்லிக்கொண்டிருக்கிறோம். கடைசியாக 'எக்ரீஜியஸ்', மந்தையை விட்டு வெளியே வந்து தனித்துத் தெரிவது.

இந்தக் கடைசிச் சொல்லில் கொஞ்சம் நிற்க வேண்டும். தனித்துத் தெரிவது என்றால் சிறப்பு என்றுதானே தோன்றும்? ஒரு காலத்தில் ஆங்கிலத்திலும் அப்படித்தான் இருந்தது. பிறகு பொருள் தலைகீழாகி, இன்று 'எக்ரீஜியஸ்' என்றால் அதிர்ச்சி தரும் அளவுக்கு மோசமானது. 'எக்ரீஜியஸ் எரர்' என்றால் மன்னிக்க முடியாத பிழை. வேர் நினைவில் வைக்க உதவும், இன்றைய பொருளைத் தீர்மானிக்காது. வேரை வைத்து ஊகியுங்கள், அகராதியில் சரிபாருங்கள். ஊகத்தோடு நிறுத்திவிட்டால் 'எக்ரீஜியஸ்' மாதிரி ஒன்று காலை வாரிவிடும்.

முன்னொட்டுகளிலும் அப்படித்தான். 'இன்' வந்தால் எதிர்மறை என்று படித்திருப்போம். ஆனால் 'இன்ஃப்ளேமபிள்' என்றால் எளிதில் தீப்பற்றக்கூடியது. 'ஃப்ளேமபிள்' என்றாலும் அதேதான். 'இன்வேல்யுவபிள்' என்றால் மதிப்பில்லாதது இல்லை, மதிப்பிட முடியாத அளவுக்கு உயர்ந்தது. 'விலைமதிப்பற்ற' என்று தமிழில் சொல்வதும் இதே மாதிரிதானே.

மறப்பதற்கு எதிராக

1885-ல் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தன்னைத்தானே சோதித்து எழுதிய முடிவுகள் வெளிவந்தன. பொருளே இல்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்தார். ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் போய்விட்டது. அதன்பிறகு மறதியின் வேகம் குறைந்தது. இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் ஒரே மூச்சில் படிப்பதைவிட நன்றாக நிற்கிறது என்றும் கண்டார். கூட்டாளிகளும் சாயலும் வேரும் இல்லாமல் வெறுமனே மனப்பாடம் செய்கிற சொல்லும் ஏறக்குறைய அந்தப் பொருளில்லாத அசை மாதிரிதான். பத்து நாளில் நூறு சொல் என்று ஓடியவர்களுக்கு ஒரு மாதம் கழித்து ஒன்றும் மிஞ்சாததற்கு இது ஒரு காரணம்.

1970-களில் செபாஸ்டியன் லைட்னர் என்ற இன்னொரு ஜெர்மானியர் எளிய வழி ஒன்றைச் சொன்னார். சொல்லை அட்டையின் ஒரு பக்கத்திலும் விளக்கத்தை மறு பக்கத்திலும் எழுதுங்கள். சில பெட்டிகளை வரிசையாக வையுங்கள். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும், தவறினால் முதல் பெட்டிக்குத் திரும்பும். முதல் பெட்டியைத் தினமும் பாருங்கள், அடுத்ததைச் சில நாளுக்கு ஒருமுறை, அதற்கடுத்ததை இன்னும் தள்ளி. அன்கி போன்ற செயலிகள் இதே எண்ணத்தைத்தான் கைப்பேசியில் செய்கின்றன.

இதில் முக்கியமான இடம், அட்டையைத் திருப்புவதற்கு முன் நீங்கள் யோசிக்கிற அந்தச் சில நொடிகள். 'என்னவோ வருமே...' என்று தடுமாறி நினைவிலிருந்து இழுத்து எடுக்கிறீர்கள் பாருங்கள், அந்த இழுப்பில்தான் சொல் ஊன்றுகிறது. 2006-ல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வில், திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிடத் தங்களைத் தாங்களே சோதித்துக்கொண்டவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் இருந்தது. ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தபோது நிலைமை நேர்மாறாக இருந்தது, திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். பட்டியலைப் பலமுறை படித்தால் எல்லாம் தெரிந்துவிட்ட மாதிரி ஓர் உணர்வு வரும். அதை நம்ப வேண்டாம்.

அட்டையின் முன்பக்கம் தனிச் சொல்லை எழுதாமல், அந்தச் சொல் இருக்க வேண்டிய இடத்தைக் காலியாக விட்டு ஒரு முழு வாக்கியத்தை எழுதுங்கள் என்று சொல்வேன். மேலே சொன்ன மர உதாரணத்தையே ஆங்கிலத்தில் எழுதி, 'மிட்டிகேட்' வருகிற இடத்தில் கோடு போடுங்கள். பின்பக்கம் சொல், அதன் இரண்டு கூட்டாளிகள், எதிர்ச்சொல். ஒரு வாரத்துக்கு ஐந்து அட்டை போதும். குறைவாகத் தோன்றும். முழுதாகத் தெரிந்த சொற்கள் வாரத்துக்கு ஐந்து என்று ஒரு வருடம் முழுக்கச் சேர்ந்தால் 260.

உச்சரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. படித்து மட்டுமே சொற்களைச் சேர்ப்பவர்களுக்கு இதில் அடி விழும். எழுத்தைப் பார்த்து 'எபிடோம்' என்று நினைப்பது உண்மையில் 'எபிடமி'. 'ஹைபர்போல்' இல்லை, 'ஹைபர்பலி'. 'சப்டில்' இல்லை, 'சட்டில்'. அகராதிச் செயலியில் ஒலிபெருக்கிப் படத்தை அழுத்திக் கேட்டுவிட்டு, அதைத் தமிழ் எழுத்தில் அட்டையின் ஓரத்தில் குறித்துக்கொள்ளலாம். ஆங்கில எழுத்துக்கூட்டல் மறைத்துவைப்பதைத் தமிழ் எழுத்து பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

கற்ற எல்லாச் சொல்லையும் பேச்சில் இறக்க வேண்டியதில்லை. பத்துச் சொல் கற்றால் ஏழு, படிக்கும்போது புரிந்தால் போதும் என்கிற வகைதான். இரண்டோ மூன்றோதான் உங்கள் எழுத்துக்குத் தேவைப்படும். 'யூஸ்' சொல்லக்கூடிய இடத்தில் 'யூட்டிலைஸ்' போட்டால் வாக்கியம் கனக்குமே தவிர, தெளிவு கூடாது. எளிய சொல் சொல்ல முடியாத ஒன்றைச் சொல்லும்போதுதான் கடினமான சொல்லுக்கு அங்கே இடம். 'குறைத்தது' என்று மட்டும் சொன்னால் போதாமல், 'நிறுத்த முடியவில்லை, ஆனால் பாதிப்பைக் குறைத்தது' என்று சொல்ல வேண்டியிருக்கும்போது 'மிட்டிகேட்' தானாக வந்து நிற்கும்.

ஒரு சொல்லின் அட்டையை எப்போது பெட்டியிலிருந்து எடுத்துவிடலாம் என்று கேட்பார்கள். சோதனையில் ஐந்து முறை சரியாகச் சொன்னதை நான் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு கட்டுரையைப் படித்துக்கொண்டே போகிறீர்கள், விஷயம் சுவாரசியமாக இருக்கிறது, பக்கம் புரட்டுகிறீர்கள். புரட்டிய பிறகுதான், முந்தைய பக்கத்தில் 'எக்ஸாசர்பேட்' வந்ததே என்று தோன்றுகிறது. அன்றைக்கு எடுத்துவிடலாம்.